ஒரு பசு, ஒரு மான், ஒரு காக்கா, ஒரு நாய்: ரமணர் வளர்த்த பிள்ளைகள்



திருவண்ணாமலை கிரிவலம் போகாதவங்க நம்ம காலேஜ்ல ரொம்பக் கம்மி. பௌர்ணமி ராத்திரி, பசங்க கூட்டமா 14 கிலோமீட்டர் நடை, வழியில சுக்கு காபி, மறுநாள் முதல் பீரியட்ல தூக்கம். அந்த வழியில செங்கம் ரோட்டுல ரமணாசிரமம் இருக்கு. பெரும்பாலும் வாசலோட ஒரு கும்பிடு போட்டுட்டு நடந்துடுவோம். அடுத்த தடவை உள்ளே போய்ப் பாருங்க. அங்கே மனுஷங்களோட சமாதிகள் மட்டும் இல்லை. ஒரு பசு, ஒரு மான், ஒரு காக்கா, ஒரு நாய், இந்த நாலு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல சமாதி இருக்கு. பசுவோட சமாதி மேல அவளோட உருவமே கல்லுல செஞ்சு வெச்சிருக்காங்க.

இந்த இதழுக்குச் செல்லப்பிராணிகள் பத்தி எழுதணும்னு முடிவானதும், ரமண மகரிஷியோட வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிடலாம்னு தோணிச்சு. அவரோட தத்துவம் பத்தி ஆயிரம் புத்தகம் இருக்கு. இது அவர் மடியில ஏறி உட்கார்ந்தவங்களோட கதை.

பீஸ் கட்டின காசுல மிச்சம்

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடுவோம். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில பிறந்தவர். பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரம் ஐயர், அம்மா அழகம்மாள். அப்பா சீக்கிரமே இறந்துபோக, மதுரையில சித்தப்பா வீட்டுல தங்கி ஸ்கூல் படிச்சார். படிப்புல பெரிய ஆர்வம் கிடையாது. ஃபுட்பால், நீச்சல், அடிச்சாக்கூட எழுந்திருக்காத தூக்கம், இப்படி நம்ம ஹாஸ்டல்ல நாலு பேர்ல ஒருத்தர் மாதிரிதான் இருந்தார்.

1896-ல, 16 வயசுல, ஒருநாள் திடீர்னு சாவு பயம் வந்தது. உடம்பு செத்துட்டா நான்ங்கிறது என்ன ஆகும்னு படுத்தபடியே தனக்குள்ள தேடிப் பார்த்தார். அதுக்கப்புறம் பழைய பையனா அவர் எழுந்திருக்கவே இல்லை. அதே வருஷம் ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனோட காலேஜ் பீஸ் கட்ட 5 ரூபாய் கொடுத்திருந்தாங்க. அதுல 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டு, மிச்சம் 2 ரூபாயை ஒரு சீட்டோட வெச்சுட்டுப் போனார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அதுக்கப்புறம் 54 வருஷம், கடைசி மூச்சு வரைக்கும், அந்த ஊரை விட்டு வெளியே போகவே இல்லை.

1899-லிருந்து 1916 வரைக்கும் மலை மேல விரூபாட்ச குகையில இருந்தார். நம்ம கதை அங்கேதான் ஆரம்பம்.

முதல்ல யாரோட இடம்?

அந்தக் காலத்து அண்ணாமலை இப்போ நாம பார்க்கிற மாதிரி இல்லை. சிறுத்தை நடமாடும். குகைக்குப் பக்கத்துல பாம்பு சர்வ சாதாரணம். கூட இருந்தவங்க கம்பைத் தூக்குவாங்க. ரமணர் தடுத்துடுவார். அவர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. இது அவங்க வீடு, நாம வந்து குடியேறினவங்க, அவங்களைத் தொந்தரவு பண்ண நமக்கு உரிமை இல்லை. அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் கவனிங்க. எந்த மிருகத்தையும் அவர் 'அது'ன்னு சொன்னதே கிடையாது. அவன், அவள்தான். நாய்களுக்குச் சோறு போட்டாச்சான்னு கேட்கணும்னா, பையன்களுக்குப் போட்டாச்சான்னு கேட்பார். புதுசா வந்தவங்க, ஆசிரமத்துல சின்னப் பசங்க யாரும் இல்லையேன்னு சுத்திச் சுத்திப் பார்ப்பாங்களாம்.

ஒரு நாள் மலையில நடந்துபோகும்போது புதர்ல மறைஞ்சிருந்த குளவிக்கூட்டுல அவர் தொடை இடிச்சிடுச்சு. கூடு கலைஞ்சு, குளவிகள் அந்தத் தொடையிலேயே மொய்ச்சுக் கொட்டிச்சு. அவர் ஓடலை. அவங்க கோபம் தீர்ற வரைக்கும் அசையாம நின்னார். தெரியாம நடந்த தப்புதானே, அதுக்கு ஏன் நிக்கணும்? தெரியாம நடந்தாலும் கூடு கலைஞ்சது கலைஞ்சதுதானே, அதுதான் அவர் கணக்கு. கால் வீங்கினது வேற கதை.

நொண்டி, ஒரு ரோஷக்காரன்

குரங்குக் கூட்டத்துல ராஜா ஒருத்தன் இருப்பான் இல்லையா, அவன் ஒரு குட்டியைக் கடிச்சுக் குதறிட்டான். செத்துடுவான்னு நினைச்சு, கூட்டம் அவனை விரூபாட்ச குகைப் பக்கம் விட்டுட்டுப் போயிடுச்சு. ரமணர் அவனை எடுத்து மருந்து போட்டு, ஊட்டிவிட்டுத் தேத்தினார். உயிர் பிழைச்சான், ஆனா கால் நொண்டி. அதனால பேரே நொண்டி ஆயிடுச்சு.

நொண்டிக்குச் சாப்பாட்டு இடம் ரமணரோட மடி. இலையில சோறு போட்டா ஒரு பருக்கை வெளியே சிந்தாது. சிந்தினாலும் பொறுக்கித் தின்னுட்டு, இலையைத் துடைச்ச மாதிரி வெச்சுட்டுத்தான் எழுந்திருப்பான். நம்ம மெஸ் மேஜையை மனசுல நினைச்சுப் பாருங்க, நொண்டியோட அருமை புரியும்.

ஆனா ரோஷம் ரொம்ப ஜாஸ்தி. ஒரு தடவை அவனுக்காகக் கொண்டுவந்த பால் சூடா இருந்தது. ஆத்திக் கொடுக்கலாம்னு ரமணர் டம்ளரை வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஊதினார். தன் பாலை இவர் குடிக்கப்போறார்னு நொண்டி நினைச்சுட்டான் போல. பளார்னு கண்ணுக்கு மேல ஒரு அடி. அடிச்ச வேகத்துலேயே தப்பு புரிஞ்சிடுச்சு. உடனே குழைஞ்சுக்கிட்டு மடியில வந்து உட்கார்ந்துட்டான். அந்தத் தடவை மன்னிப்பு கிடைச்சது.

ரெண்டாவது தடவை, சோத்தை எடுத்து வெளியே வீசினான். ஏன்டா வீணாக்கறேன்னு ரமணர் கண்டிச்சதும், மறுபடியும் கண் பக்கம் ஒரு அடி. இந்தத் தடவை மன்னிப்பு கிடையாது. தண்டனை என்ன தெரியுமா? அடி இல்லை, பட்டினி இல்லை. சில நாளைக்கு மடியில ஏறக் கூடாது. அவ்வளவுதான். நொண்டி கெஞ்சிக் கெஞ்சி, குழைஞ்சு குழைஞ்சு, கடைசியில தன் இடத்தைத் திரும்ப வாங்கிட்டான்.

இதுல இன்னொரு ஆச்சரியம் இருக்கு. மனுஷன் தொட்டு வளர்த்த குரங்கை அதோட கூட்டம் பொதுவா திரும்பச் சேர்த்துக்காது. நொண்டியை மட்டும் சேர்த்துக்கிட்டாங்க. கூட்டம் குகைப் பக்கம் வரும்போதெல்லாம் நொண்டி ஓடிவந்து பழைய இடத்துல உட்கார்ந்துட்டுப் போவான். ரமணர் தொட்டா அவங்க அதைக் குத்தமா எடுத்துக்கலை.

இதே குரங்குகள் சம்பந்தமா இன்னொண்ணு. ஒரு நாள் ரமணரும் கூட இருந்தவங்களும் மலையைச் சுத்தி வந்தப்ப பசியும் தாகமும். ரோட்டோரத்து அத்தி மரத்துல ஒரு குரங்குக் கூட்டம் ஏறி, கிளைகளை உலுக்கிப் பழத்தையெல்லாம் கீழே கொட்டிட்டு, தாங்க ஒண்ணுகூடத் தின்னாம ஓடிப்போயிட்டாங்க. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். கூட இருந்தவங்க சொல்லி, எழுதி வெச்ச கதை இது.

சின்னக் கறுப்பன்

இப்போ சொல்லப்போறது கொஞ்சம் கனமான கதை.

விரூபாட்ச குகைப் பக்கம் ஒரு கறுப்பு உருவம் தூரத்துல போய்க்கிட்டே இருக்கும். சில நேரம் புதருக்கு மேல தலை மட்டும் எட்டிப் பார்க்கும். உடம்பு முழுக்க ஒரே கறுப்பு. யார்கிட்டயும் வரமாட்டான், யாரோடயும் சேரமாட்டான். சரி, இவன் ஒரு துறவி போலன்னு அவன் போக்குக்கே விட்டுட்டாங்க. அவன் இருக்கற இடத்துக்குப் பக்கத்துல சோத்தை வெச்சுட்டு வந்துடுவாங்க. கூப்பிடலை, பிடிக்கலை, கட்டிப்போடலை. ஒரு நாள் அவங்க மலை ஏறிக்கிட்டு இருந்தப்ப, குறுக்கே பாய்ஞ்சு வந்து ரமணர் மேல விழுந்து விளையாட ஆரம்பிச்சுட்டான். அன்னையிலிருந்து அவன் வீட்டு ஆள். பேரு சின்னக் கறுப்பன்.

நாய் வளர்க்கறவங்களுக்கு இது தெரியும். நாம போய் நாயைத் தேர்ந்தெடுத்தோம்னு நினைச்சுக்கிட்டு இருப்போம். பல நேரம் அவன்தான் நம்மைத் தேர்ந்தெடுத்திருப்பான்.

ரமணருக்கு அப்போ சேவை பண்ணிக்கிட்டு இருந்தவர் பழனிசாமி. நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு நாள் கறுப்பனை மரியாதையில்லாமப் பேசி விரட்டிட்டார். மழை பெய்யற குளிர் ராத்திரி. கறுப்பன் குரைக்கலை, சண்டை போடலை. வெளியே போய், கொஞ்ச தூரத்துல கிடந்த ஒரு கரி மூட்டை மேல ராத்திரி முழுக்கப் படுத்துக்கிட்டான். காலையில போய்க் கூட்டிட்டு வந்தாங்க.

இதுக்கும் சில வருஷத்துக்கு முன்னாடி இதைவிட மோசமா ஒண்ணு நடந்திருந்தது. பழனிசாமி ஒரு சின்ன நாயைத் திட்டினார். அது நேரா சங்க தீர்த்தக் குளத்தைப் பார்த்து ஓடிச்சு. கொஞ்ச நேரத்துல அதோட உடம்பு தண்ணியில மிதந்துச்சு. தவறி விழுந்ததா, வேற என்னவோ, அந்தக் குட்டியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனா ரமணர் அன்னைக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னது தெளிவா இருந்தது. இங்கே இருக்கற நாய்களுக்கும் மத்த ஜீவன்களுக்கும் சொந்தமா அறிவு இருக்கு, சொந்தமா கொள்கை இருக்கு, யாரும் முரட்டுத்தனமா நடத்தக் கூடாது. யார் எவர்னு தெரியாம நம்மகிட்ட வர்றவங்களை, நம்ம கண்ணுக்கு நாயாத் தெரியுதுங்கிறதுக்காகக் குறைச்சு எடை போடக் கூடாதுங்கிறது அவர் எண்ணம்.

கறுப்பனோட முடிவும் அப்படித்தான் ஆச்சு. ஒரு காலையில குகைக்குப் பக்கத்து மரத்தடியில ஒருத்தர் ஜபம் பண்ணிக்கிட்டு இருந்தார். ஆசாரமான மனுஷர். கறுப்பனுக்கு எல்லார் பக்கத்துலயும் போய் உரசிப் பழகின பழக்கம். அவர்கிட்டயும் போனான். அவருக்குத் தீட்டு ஆயிடும்னு கோபம். எழுந்து கம்பால அடிச்சுட்டார். கறுப்பன் அழுதுகிட்டே ஓடினான். ஓடினவன் திரும்ப வரவே இல்லை. அதுக்கப்புறம் யாரும் அவனைப் பார்க்கவும் இல்லை.

ஒரு தடவை அவமானப்பட்ட இடத்துக்கு மறுபடி வரமாட்டான், அவன் சுபாவம் அப்படின்னு ரமணர் பல வருஷம் கழிச்சும் சொல்வாராம். வந்துபோன பெரிய பெரிய ஆளுங்க எத்தனையோ பேர். இந்தக் கறுப்பனோட மானம் அவர் மனசுல நின்னுடுச்சு.

கமலா, கைடு

மனசு கனத்திருக்கும், கொஞ்சம் சிரிக்கலாம் வாங்க.

1916-ல ரமணர் இன்னும் மேலே கந்தாசிரமத்துக்குப் போனார். அம்மா அழகம்மாளும் அங்கேயே வந்து தங்கினாங்க. அந்த நாள்ல ஒரு சின்னப் பெண் நாய்க்குட்டி வந்து சேர்ந்தா. பெண் நாய், வருஷா வருஷம் குட்டி போட்டு இடத்தை நாறடிச்சுடும்னு சிலர் விரட்டிப் பார்த்தாங்க. அவ போகலை. பேரு கமலா.

கமலாவுக்கு ஒரு வேலை இருந்தது. புதுசா யாராவது மலைக்கு வந்தா, இவரைக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுன்னு ரமணர் கமலாகிட்ட சொல்வார். அவ முன்னாடி நடப்பா. வந்தவர் பின்னாடி நடப்பார். அங்கே இருக்கற ஒவ்வொரு குகை, ஒவ்வொரு சுனை, ஒவ்வொரு சாமி சிலைன்னு எல்லாத்தையும் காட்டிட்டு, ஆளைப் பத்திரமாத் திரும்பக் கொண்டுவந்து விட்டுடுவா. இன்னைக்கு நாம மேப்பைப் பார்த்துக்கிட்டே வழி தவறுறோம்!

அவ குட்டி போட்டப்ப நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. விரட்டணும்னு சொன்ன அதே இடத்துல, பத்தாம் நாள் அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெத்தியில குங்குமம் வெச்சு, சுத்தமான இடத்துல குட்டிகளோட உட்கார வெச்சாங்க. பாயசத்தோட சாப்பாடு. நம்ம வீட்டுல பிள்ளை பெத்தவளுக்குச் செய்யற மாதிரியே. வாயில்லா ஜீவனுக்குப் புண்ணியாகவாசனம்!

பந்தி வரிசையும் அங்கே தலைகீழ். முதல்ல நாய்களுக்கு. அப்புறம் பிச்சை கேட்டு வந்தவங்களுக்கு. அதுக்கப்புறம்தான் பக்தர்களுக்கு.

திருடன் வந்த ராத்திரி

1922 மே 19 அன்று அம்மா அழகம்மாள் இறந்தாங்க. அன்னைக்கு முழுக்க ரமணர் ஒரு கையை அம்மாவோட நெஞ்சு மேலயும், இன்னொரு கையைத் தலை மேலயும் வெச்சபடி கூடவே உட்கார்ந்திருந்தார். இந்தக் காட்சியைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்குங்க. மலையடிவாரத்துல அம்மாவுக்குச் சமாதி ஆச்சு. கொஞ்ச மாசத்துல ரமணரும் கீழே இறங்கி வந்து அங்கேயே தங்கிட்டார். இன்னைக்கு இருக்கற ரமணாசிரமம் அப்படித்தான் ஆரம்பிச்சது. அப்போ வெறும் கூரைக் கொட்டகை.

1924 ஜூன் 26, ராத்திரி பதினொண்ணரை மணி சுமாருக்கு, நிறைய பணம் இருக்கும்னு நினைச்சுத் திருடங்க புகுந்தாங்க. ஜன்னலை உடைச்சாங்க. ரமணர் எதிர்க்க வேண்டாம்னு சொல்லிட்டார். எல்லாரும் கொட்டகையை விட்டு வெளியே போயிடலாம், அவங்க வேண்டியதை எடுத்துக்கட்டும்னு முடிவு. ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை ஒண்ணு இருந்தது. அப்போ ஆசிரமத்துல கறுப்பன்னு ஒரு நாய் இருந்தான். இவன் வேற கறுப்பன். திருடங்க அவனை அடிச்சுடுவாங்களோன்னு, குஞ்சுசாமிங்கிற சீடர் முதல்ல அவனைத் தூக்கிட்டுப் போய் வேற குடிசையில பத்திரமா விட்டார். அதுக்கப்புறம் மத்தவங்க வெளியே வந்தாங்க. வரும்போது திருடங்க ரமணரையும் தொடையில அடிச்சாங்க. திருடங்களுக்குக் கிடைச்சது சில ரூபாய்தான்.

பொதுவா வீட்டுல திருடன் வந்தா நாயை ஏவி விடுவோம். இங்கே திருடன் வந்ததும் முதல்ல நாயைக் காப்பாத்தியிருக்காங்க. வரிசை புரியுதா?

நம்ம பக்கத்துப் பொண்ணு லட்சுமி

இப்போ நம்ம ஏரியா. ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து ஆளுங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. ஜவ்வாது மலைக்கு வடக்கே நம்ம ஊர், தென்கிழக்கே திருவண்ணாமலை. நம்ம பக்கம் ஆடு மாடு இல்லாத வீடு கிடையாது. வெள்ளிக்கிழமை ஆனா ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை, செவ்வாய்க்கிழமை ஆனா பொய்கை மாட்டுச் சந்தை. பல்லைப் பிடிச்சுப் பார்த்து, துண்டுக்குள்ள விரலைத் தொட்டு விலை பேசி வளர்ந்த பக்கம் இது.

1926-ல குடியாத்தம் பக்கத்துக் குமாரமங்கலத்தைச் சேர்ந்த அருணாசலம் பிள்ளைங்கிறவர், வேலூருக்குத் தெற்கே இருக்கற கண்ணமங்கலத்துக்குப் போய் ஒரு பசுவும் கன்னும் வாங்கினார். வாங்கினதைத் தனக்காக வெச்சுக்கலை. ஓட்டிக்கிட்டுப் போய் ரமணருக்குக் கொடுத்தார். ரமணர் தயங்கினார். கொட்டகை சின்னது, சுத்திக் காடு, சிறுத்தை பயம், யார் பார்த்துக்கிறது? ராமநாத பிரம்மச்சாரிங்கிற அன்பர் நான் பார்த்துக்கறேன்னு பொறுப்பு எடுத்துக்கிட்டார். கொஞ்ச மாசத்துல பசுவையும் கன்னையும் ஊருக்குள்ள ஒருத்தர் வீட்டுல விட வேண்டியதாச்சு. அந்தக் கன்னுக்குட்டிதான் லட்சுமி.

ரொம்ப நாள் கழிச்சு அந்த ஊர்க்காரர் தாயையும் கன்னையும் ஆசிரமத்துக்கு ஓட்டிட்டு வந்து காட்டிட்டுப் போனார். லட்சுமி அன்னைக்கே வழியை மனசுல குறிச்சுக்கிட்டா போல. மறுநாளிலிருந்து தானாவே கிளம்பி வர ஆரம்பிச்சுட்டா! காலையில வருவா, நாள் முழுக்க ஆசிரமத்துல இருப்பா, சாயங்காலம் ஊருக்குள்ள தன் வீட்டுக்குத் திரும்பிடுவா. யாரும் ஓட்டவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். டே ஸ்காலர்னு சொல்லலாம். கொஞ்ச வருஷத்துல ஆசிரமத்துக்கே குடிவந்துட்டா.

ரமணர் உட்கார்ந்திருக்கற கூடத்துக்குள்ள லட்சுமி நுழைஞ்சா, கூட்டம் வழிவிடணும். யார் உட்கார்ந்திருக்காங்க, வெளிநாட்டுக்காரரா, திவானா, அதெல்லாம் அவளுக்குக் கணக்கே இல்லை. நேரா ரமணர்கிட்ட போய்த் தலையை அவர் காலடியில சாய்ப்பா. அவர் தயாரா வெச்சிருக்கற வாழைப்பழத்தை ஊட்டுவார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு, கடிகாரம் பார்த்தவ மாதிரி சரியா வந்து நின்னு, அவரோட சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் கூட நடப்பா.

ஆசிரமத்துல மாடுகளுக்குன்னு கல்லுல பெரிய கொட்டகை கட்டினாங்க. புதுமனை புகுவிழா அன்னைக்கு லட்சுமிதான் முதல்ல காலடி வைக்கணும்னு முடிவு. குளிப்பாட்டி, மாலை போட்டுத் தயார் பண்ணி நிறுத்தினா, ஆளைக் காணோம். எங்கே போனான்னு தேடினா, ரமணர் முன்னாடி போய் உட்கார்ந்திருக்கா. அவர் எழுந்து கூட வந்த பிறகுதான் அவளும் எழுந்து போய்ப் புது வீட்டுக்குள்ள நுழைஞ்சா. குடும்பத்துப் பெரியவர் இல்லாமப் பால் காய்ச்சுவாங்களா?

லட்சுமிக்கு நிறைய கன்னு பிறந்தது. அதுல மூணு தடவையாவது சரியா ரமணரோட பிறந்தநாள் அன்னைக்கே கன்னு போட்டிருக்கா.

ஆரம்ப காலத்துல, ரமணர் மலை மேல இருந்தப்ப, ஒரு ஏழைக் கிழவி காட்டுல கீரை பறிச்சு வந்து கொடுத்துக்கிட்டு இருந்தா. கீரைப்பாட்டின்னு பேரு. அவதான் மறுபடி லட்சுமியா வந்திருக்கான்னு பக்தர்கள் நம்பினாங்க. இந்த மறுபிறவிக் கதையை நீங்க நம்பணும்னு அவசியமில்லை. ஆனா அதுக்குள்ள இருக்கற மனசைப் பாருங்க. கையில ஒண்ணும் இல்லாதவ கொடுத்த ஒரு பிடி கீரையை, அந்த இடம் எத்தனை வருஷம் ஆனாலும் மறக்கலை.

மத்த பிள்ளைகள்

எல்லார் கதையும் சொன்னா இந்த இதழே போதாது. ஜாக்கின்னு ஒரு நாய், மத்த நாய்களோட சேராம ரமணர் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் நோய்ப்பட்டப்ப ரமணரே பக்கத்துல படுக்கை போட்டுப் பார்த்துக்கிட்டார். வள்ளின்னு ஒரு மான். கூடத்துல அணில்கள் சோபா மேல ஏறி ஓடும். அவர் கையால பருப்பு வாங்கித் தின்னும், நேரமாச்சுன்னா விரலைக்கூடக் கடிக்கும். கூட்டிலிருந்து தவறி விழுந்த அணில் குஞ்சுகளுக்குப் பஞ்சைப் பாலில் நனைச்சு ஊட்டியிருக்கார். 1947-ல பரோடா ராணி ஒரு வெள்ளை மயிலை அனுப்பி வெச்சாங்க. அவனும் கூடத்துல சகஜமா உலாத்தினான். ஜாக்கி, வள்ளி, அடிபட்ட ஒரு காக்கா, இவங்க இறந்தப்ப ஆசிரமத்துக்குள்ளயே முறையாப் புதைச்சாங்க.

1948 ஜூன் 18

லட்சுமி வந்து 22 வருஷம் ஆச்சு. மாட்டுக்கு அது நல்ல வயசு. ஜூன் 17 அன்று உடம்புக்கு முடியாமப் போச்சு. 18-ம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில, இனி தேறமாட்டான்னு தெரிஞ்சுபோச்சு.

பத்து மணிக்கு ரமணர் கொட்டகைக்கு வந்தார். அப்போ அவருக்கு 68 வயசு, மூட்டு வலி வேற. நான் பக்கத்துல இருக்கணுமாம்மான்னு கேட்டபடி வைக்கோல் மேல உட்கார்ந்தார். அவ தலையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டார். கண்ணையே பார்த்தார். ஒரு கையைத் தலை மேல வெச்சார், அப்புறம் நெஞ்சு மேலயும் வெச்சார். ஞாபகத்துல வெச்சுக்கச் சொன்னேனே, 26 வருஷத்துக்கு முன்னாடி அம்மாவுக்குச் செஞ்ச அதே மாதிரி. கன்னத்தோட கன்னம் வெச்சுத் தடவிக் கொடுத்தார். மனசு நிறைஞ்சதும் விடைபெற்றுக்கிட்டு எழுந்து போனார். பதினொண்ணரை மணிக்கு, கண்ணுல ஒரு பயமும் இல்லாம, லட்சுமி போயிட்டா.

முழுச் சடங்கோட, மான், காக்கா, நாய் பக்கத்துல அவளைப் புதைச்சாங்க. கல்லுல பொறிக்க ரமணரே தமிழ்ல ஒரு வெண்பா எழுதினார். அதுல வருஷம், மாசம், கிழமை, திதி, நட்சத்திரம்னு எல்லாம் இருக்கு. அவ முக்தி அடைஞ்ச நாள்னு இருக்கு. பெரியவங்க இறந்தா மரியாதைக்குச் சொல்ற வார்த்தைதானே இதுன்னு தேவராஜ முதலியாருங்கிற பக்தர் கேட்டுப் பார்த்தார். ரமணர் மாத்திச் சொல்லலை. முக்தின்னா முக்திதான்.

அடுத்த வருஷம், 1949 பிப்ரவரியில, ரமணரோட இடது கையில ஒரு சின்னக் கட்டி. புற்றுநோய்னு தெரிஞ்சது. நாலு ஆபரேஷன் பண்ணியும் நிக்கலை. 1950 ஏப்ரல் 14 ராத்திரி 8.47-க்கு உயிர் பிரிஞ்சது.

நமக்கு என்ன?

ரமணர் ஞானி, அவருக்கு முடியும், நமக்கு முடியுமான்னு கேட்கத் தோணும். முடிஞ்சதை மட்டும் எடுத்துப் பாருங்க. அவர் எந்த மிருகத்தையும் விலைக்கு வாங்கலை. எதுக்கும் வித்தை கத்துக்கொடுக்கலை. வந்தவங்களைச் சேர்த்துக்கிட்டார், முதல்ல சோறு போட்டார், அவங்களுக்கும் மானம் இருக்குன்னு நம்பினார், கடைசி நேரத்துல கூட இருந்தார். இந்த நாலுல எதுக்குமே தவம் பண்ணத் தேவையில்லை.

எந்த காலேஜ் ஹாஸ்டலை எடுத்தாலும் வாசல்ல ரெண்டு நாய் இருக்கும். முதல் வருஷத்துல குட்டியா இருக்கும்போது பேர் வெச்சு, பிஸ்கட் போட்டு, ஸ்டேட்டஸ் வைப்போம். மூணாவது வருஷம் அவன் பெருசாகி, சொறி பிடிச்சு, ராத்திரி குரைச்சா கல்லெடுப்போம். செமஸ்டர் லீவுல மெஸ் மூடினா, அவன் என்ன சாப்பிடுவான்னு யோசிக்கறவங்க எத்தனை பேர்? பாசம் வெச்சா மட்டும் போதாது. வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி போடணும், குட்டி மேல குட்டி போட்டுத் தெருவுல சாகாம இருக்கக் கருத்தடை பண்ணணும், லீவுக்கு யார் சோறு போடறதுன்னு முறை வைக்கணும். கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டா முடியற வேலை. பக்கத்துல வர வேண்டாம்னு அவன் நினைச்சா, கறுப்பனை விட்ட மாதிரி தூரத்துல சோத்தை வெச்சுட்டு வந்துடுங்க. நம்பிக்கை வந்தா அவனே வருவான்.

கம்பை எடுக்கும்போது மட்டும் அந்தக் கரி மூட்டையை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க. அடிச்சவர் யாருன்னு இன்னைக்கு யாருக்கும் தெரியாது, அவர் பண்ணின ஜபமும் யாருக்கும் ஞாபகம் இல்லை. அடி வாங்கி அழுதுகிட்டே ஓடின கறுப்பனோட பேர் மட்டும் நூறு வருஷம் தாண்டி நம்ம வரைக்கும் வந்திருக்கு.

அடுத்த பௌர்ணமிக்குப் போனா லட்சுமியைப் பார்த்துட்டு வாங்க. நம்ம பக்கத்துப் பொண்ணு.